பளபளக்கும் பீங்கானும் பாட்டியின் முழங்காலும்

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்த நம்மவர்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்குகிறார்கள். நல்லதுதான். அப்படித் தொடங்கும்போது முதலில் உடைபடுவது குசினி. அடுத்து உடைபடுவது கழிவறை. குசினியைப் பற்றிக் குடும்பமே கூடிப் பேசுகிறது. அலமாரி எந்த நிறம், அடுப்பு எந்தப் பக்கம், அம்மிக்கு இடம் உண்டா இல்லையா என்று மாதக் கணக்கில் விவாதம் நடக்கிறது. கழிவறையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கூச்சம்! கடைக்குப் போன ஒருவர், கண்ணில் பட்ட ஒன்றைக் கைகாட்டிவிட்டு வந்துவிடுகிறார். பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அந்த வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், நாள் தவறாமல், அந்தப் பொருளோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அந்தக் கூச்சத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே ஏடு படிக்கும் பழக்கமுள்ளவர்கள், கையைக் கழுவிவிட்டு வந்து படிக்கலாம்.

பழைய தோட்டங்களில் கழிவறை வீட்டோடு ஒட்டி இருந்ததில்லை. லயத்துக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, வரிசையாகக் கக்கூசுகள் இருக்கும். இரவில் பெண்கள் விளக்கை எடுத்துக்கொண்டு, துணைக்கு ஓர் ஆளை எழுப்பிக்கொண்டுதான் போவார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு குறைந்த அளவு எப்படி இருக்க வேண்டும் என்று 1966-இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1990-இல் இன்னொரு சட்டமும் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது வெளியேறிய குடும்பங்களில் பல, மலிவு விலை வீடுகளுக்கு வந்தன. 1982-இல் 25,000 வெள்ளி என்று விலை வைக்கப்பட்டு, 1998-இலிருந்து இடத்துக்குத் தக்கபடி 42,000 வெள்ளி வரை போன அதே வீடுகள்தாம். அந்த வீட்டுக்குள் நம் தாய்மார்கள் முதன்முதலாகக் காலடி வைத்தபோது, கூடத்தைவிட, படுக்கையறையைவிட, வீட்டுக்குள்ளேயே கதவு போட்ட ஒரு கழிவறை இருந்ததைப் பார்த்துத்தான் மனம் நிறைந்தார்கள் என்றால் அது மிகையாகாது.

அவ்வகை வீடுகள் பலவற்றில் குளியலறையும் கழிவறையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு அறைகளாக இருக்கும். கழிவறையில் குந்தி உட்காரும் பீங்கான். அதுவும் தரையோடு தரையாக இல்லாமல், ஒரு படி உயர்த்திக் கட்டப்பட்ட மேடையில் பதித்திருப்பார்கள். பீங்கானுக்குக் கீழே குழாய் வளைந்து போக இடம் வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் அந்த மேடை. இந்த மேடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வினையே அதில்தான் இருக்கிறது.

கறிவேப்பிலை கேட்டுப் போன பாட்டி

கெடாவில் ஒரு தாமான். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய ஒரு பாட்டி. மகன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒரு தீபாவளிக்கு முன்னால் கழிவறையைப் புதுப்பித்தார்கள். குந்தும் பீங்கான் போய், வெள்ளை வெளேரென்று உட்காரும் பீங்கான் வந்தது. மேடையை உடைத்தால் இன்னும் இரண்டு நாள் வேலை, இன்னும் கொஞ்சம் பணம் என்று காண்ட்ராக்டர் சொன்னார். "மேடை இருக்கட்டும், அதன் மேலேயே வைத்துவிடலாம். ராஜா சிம்மாசனம் மாதிரி இருக்கும்" என்றாராம். அப்படியே வைத்தார்கள்.

சிம்மாசனம் போலத்தான் இருந்தது. ஆனால் பீங்கானுக்கு முன்னால் மேடையில் மிச்சமிருந்த இடம் ஒரு சாண். பாட்டி படி ஏற வேண்டும். அந்த ஒரு சாண் இடத்தில் நின்று முதுகைத் திருப்ப வேண்டும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு குதிகால் மேடையில், விரல்கள் அந்தரத்தில். எழுந்திருக்கும்போது முன்னால் தரை ஒரு படி கீழே கிடக்கும். எழுபது வயதைத் தாண்டிய முழங்கால்கள் அவை.

சில நாள்களில் பாட்டி காலையில் அடுத்த வீட்டுக்குப் போகத் தொடங்கினார். கையில் ஒரு கிண்ணம். "கொஞ்சம் கறிவேப்பிலை இருந்தா குடும்மா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவார். அந்த வீட்டில் பழைய குந்தும் பீங்கான் அப்படியே இருந்தது. பாட்டியின் சொந்த வீட்டு வாசலிலேயே ஆளுயரக் கறிவேப்பிலை மரம் நிற்பதை அடுத்த வீட்டுக்காரம்மா எண்ணிப் பார்ப்பதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

சிரிப்பதற்கு இருக்கிறதுதான். ஆனால் பாட்டி அதற்குள் மாலைத் தேநீரை நிறுத்திவிட்டிருந்தார். இரவில் எழுந்து போக வேண்டி வரும் என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். அவர் இனிப்பு நீர் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். கடைசியில் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலோடு மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தார். "பழைய காலத்து ஆளு, புதுசு எதுவும் அவங்களுக்குப் பிடிக்காது" என்று மருமகள் அதுவரை நினைத்திருந்தார். மகனும் அப்படித்தான். மருத்துவமனையில் வைத்துத்தான் மகன் முதன்முதலாகக் கேட்டார்: "ஏம்மா, உட்காந்து போறது ஒனக்கு ஒத்துவரலியா?"

"உட்கார்றதுல எனக்கு என்னடா சங்கடம்? இங்க உட்காந்துதானே போறேன். ஏறி, அந்த எடத்துல திரும்புறதுதான்டா பயமா இருக்கு. விழுந்தா யாரு தூக்கறது? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறீங்க."

மகனிடம் பதில் இல்லை. ஒரு மாதத்துக்குள் மேடை உடைந்தது. கூடவே, புதிதாகப் பதித்த தரை ஓடுகளும் உடைந்தன. சுவர் ஓடுகளில் இரண்டு வரிசை போயிற்று. கீழே குழாயைத் தாழ்த்திப் போட வேண்டியிருந்தது. முதலில் மிச்சம் பிடித்த தொகையைவிடச் செலவு பல மடங்கு. இப்போது பாட்டியின் பாதம் தரையில் பதிகிறது. சுவரில் ஒரு பிடிகம்பி இருக்கிறது. கறிவேப்பிலை கேட்டு அடுத்த வீட்டுக்காரம்மாதான் இங்கே வருகிறார்.

கடைக்காரரையோ காண்ட்ராக்டரையோ இதில் குறை சொல்வது எளிது. ஆனால் அந்த வீட்டில் நாள் முழுதும் இருப்பவர் யார், இரவில் இரண்டு முறை எழுந்து போகிறவர் யார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். பாட்டியிடம் கேட்கத்தான் ஆளில்லை.

குந்துவதா, உட்காருவதா?

இதில் பிடிவாதமாக ஒரு கட்சி கட்டுகிறவர்கள் உண்டு. குந்துவதுதான் இயற்கை என்பார் ஒருவர். உட்காருவதுதான் நாகரிகம் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

குந்தி உட்காரும்போது குடலின் கடைசி வளைவு நேராகிறது. அதனால் முக்க வேண்டிய தேவை குறைகிறது. இஸ்ரேல் நாட்டு மருத்துவர் டோவ் சிகிரோவ் 28 பேரைக் கொண்டு இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டார். வழக்கமான உயரத்தில் உட்கார்ந்தபோது சராசரி 130 வினாடி பிடித்தது. குந்தியபோது 51 வினாடி. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இது சாதாரண வித்தியாசமல்ல. ஆனால் உட்காரும் பீங்கான் வைத்திருப்பவர்கள் அதற்காக அதைப் பெயர்த்தெறிய வேண்டியதில்லை. ஒரு சாண் உயரமுள்ள சிறு முக்காலியைக் காலுக்குக் கீழே போட்டு, உடலைச் சற்று முன்னால் சாய்த்துக்கொண்டாலே பெரும்பாலும் அந்தப் பலன் கிடைக்கும்.

மறுபக்கத்தைப் பாருங்கள். குந்துவதற்கு முழங்கால் முழுதாக மடங்க வேண்டும். எழுந்திருக்கத் தொடையில் வலு வேண்டும். மூட்டுத் தேய்ந்தவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும், காலில் புண் உள்ளவர்களுக்கும் அது ஆகாத காரியம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகத் தெரிந்தது. 2023-இல் அது 15.6 விழுக்காடாக இறங்கியது. ஆனால் 2019-இல் இன வாரியாகப் பார்த்தபோது முதலிடத்தில் நின்றவர்கள் நாம்தாம். இந்த நோய் முற்றும்போது பாதம் மரத்துப்போகிறது, புண் ஆறுவதில்லை, விரலையும் சில வேளைகளில் காலையுமே எடுக்க நேரிடுகிறது. அப்படிப்பட்ட ஒருவர் நம் வீட்டில் இன்று இல்லை என்றாலும், புதிதாக வைக்கும் பீங்கான் இருபது ஆண்டுகள் இருக்கப்போகிறது. இன்று ஐம்பது வயதுக்காரர் அன்று எழுபதாகியிருப்பார்.

பிள்ளைகள் விஷயத்திலும் ஒரு சங்கதி உண்டு. வெளியில் இருப்பவர்கள் இதை அதிகம் கவனித்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடங்களில் குந்தும் பீங்கான்கள் நிறைய இருக்கின்றன. வீட்டில் உட்காரும் வகையை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, ஒன்றாம் ஆண்டில் சேர்ந்ததும் அதைப் பார்த்து மிரள்கிறது. "டீச்சர், அதுல எப்படிப் போறது?" என்று வாய்விட்டுக் கேட்கும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம். கேட்காமல் மதியம் வரை அடக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் பாவம். இதற்கு நேர்மாறாக, குந்தியே பழகியவர்கள் உட்காரும் பீங்கானின் விளிம்பில் ஏறிக் குந்துகிறார்கள். இது விளையாட்டல்ல. அந்தப் பீங்கான் விளிம்பில் ஆள் நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. உடைந்தால் அதன் சில்லுகள் கத்தியைவிடக் கூர்மையானவை. பேரங்காடிக் கழிவறைகளில் அப்படி ஏறக் கூடாதென்று படம் போட்டு ஒட்டியிருப்பது சும்மா இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வீட்டில் இரண்டு கழிவறை இருந்தால் ஒன்றைக் குந்தும் வகையாகவே விட்டுவிடுங்கள். ஒன்றுதான் உண்டு, வயதானவரும் உண்டு என்றால், உட்காரும் வகையைத் தரை மட்டத்தில் வையுங்கள். உடைக்கப் பணம் இல்லையா? மருந்துக்கடைகளில், நடுவில் துளையிட்ட கழிவறை நாற்காலி விற்கிறார்கள். மேடையில் நான்கு காலும் ஆடாமல் நிற்க இடமிருந்தால், அதைக் குந்தும் பீங்கானுக்கு மேலே போட்டுப் பயன்படுத்தலாம்; தேவைப்படாதபோது எடுத்து ஓரமாக வைக்கலாம். ஆடினால் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆயிரக் கணக்கில் செலவழித்து உடைத்துவிட்டு, இப்படி ஒன்று இருப்பதைப் பிறகு கேள்விப்பட்டவர்கள் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள்.

தரைக்குக் கீழே இருப்பது

கடையில் நாம் பார்ப்பது பீங்கானின் மேற்பகுதியை. தொல்லை வருவது கீழ்ப்பகுதியில். கழிவுக் குழாயிலிருந்து நாற்றம் மேலே வராமல் இருக்க, பாம்பு போல் வளைந்த ஒரு குழாய்ப் பகுதியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர் காப்புரிமை பெற்றாரே, அதே ஏற்பாடுதான். குந்தும் பீங்கான் பலவற்றுக்கு இந்த வளைவு தரைக்குக் கீழே தனியாக இருக்கும். உட்காரும் பீங்கானுக்கோ வளைவு அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. பழையதைப் பெயர்க்கும்போது கீழே உள்ள வளைவையும் எடுத்துவிட வேண்டும். அவசரக்கார வேலையாள் அதை அப்படியே விட்டுவிட்டுப் புதியதை மேலே பொருத்தினால், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு வளைவு ஆகிவிடும். தண்ணீர் இழுத்தால் சுழன்று சுழன்று நிற்கும், போகாது. மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியைத் திட்டுவார். பீங்கான் என்ன செய்யும்?

அடுத்தது அளவு. துளையின் நடுப்புள்ளி சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்பதை வைத்துத்தான் உட்காரும் பீங்கானை வாங்க வேண்டும். 8, 10, 12 அங்குலம் என்று பல அளவில் வருகின்றன. பண்டிகைக்கால மலிவு விற்பனையில் முதலில் வாங்கிவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து அளந்து பார்க்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அளப்பவர்களும் பழைய சுவரிலிருந்து அளக்கிறார்கள். புதுச் சுவர் ஓடு பதித்தால், சிமெண்டும் ஓடும் சேர்ந்து சுவர் முன்னால் தள்ளி வந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிறகு பிளஷ் தொட்டி சுவரில் இடிக்கும்; அல்லது குழாயை இழுத்து வளைத்துப் பொருத்த வேண்டி வரும். அது கசிவில் போய் முடியும்.

தரை ஓட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கூடத்துக்கு அழகாக இருக்கும் இரண்டடிக்கு இரண்டடி பளபளப்பு ஓட்டைக் கழிவறையிலும் போட ஆசைப்படாதீர்கள். ஈரத்தில் வழுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, பெரிய ஓட்டை வைத்துத் தண்ணீர் வடிகாலை நோக்கிச் சரிவாக ஓடும்படி பதிப்பது கடினம் என்பது. சரிவு நான்கு பக்கமிருந்தும் ஒரு துளையை நோக்கி வர வேண்டும். பெரிய ஓடு வளையாது. மூலையில் தண்ணீர் தேங்கி, பாசி பிடிக்கும். சொரசொரப்பான சின்ன ஓடு பார்வைக்கு எளிமைதான். ஆனால் பாட்டி விழமாட்டார்.

பிடிகம்பி என்று துண்டு போடும் கம்பியைக் காட்டி ஏமாறவும் வேண்டாம். அது துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. கம்பி செங்கல் சுவருக்குள் ஆழமாக முடுக்கப்பட வேண்டும். பொருத்திய அன்றே வீட்டிலேயே பருமனானவர் தொங்கிப் பார்ப்பது நல்லது. கதவு உட்பக்கமாகத் திறந்தால், வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் யார் எப்படித் திறப்பது?

பக்கத்து அறையான குளியலறையில் ஏமாற்றம் வேறு விதம். கடையில் மழை போலக் கொட்டும் அகலமான ஷவரைப் பார்த்து மயங்குகிறோம். மாடியில்லாத வீட்டில் தண்ணீர்த் தொட்டி கூரைக்கடியில் இருக்கும். தொட்டித் தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார்; ஒன்றரை மீட்டருக்கு 0.15. அந்த அழுத்தத்தில் அகல ஷவர் மழை பொழியாது, மூக்கு ஒழுகுவது போலத்தான் ஒழுகும். கையில் பிடிக்கும் சிறு ஷவர் போதும். உட்கார்ந்து குளிக்கும் முதியவருக்கும் அதுதான் வசதி. சுடுநீர்க் கருவி வைப்பதானால், அதற்கென்று சுவிட்ச் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். 3.6 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் சாதாரணப் பிளக்கில் அதைச் சொருகுவது தீயோடு விளையாடுவது. மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 10 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சாதனத்தையும் உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு வையுங்கள். கருவியை வாங்கப் பணம் இருந்து, இதற்கு இல்லையென்றால், அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிப்பதே மேல். பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு உறைக்காது. ஆகவே அவர் காலில் படும் முன்னர், வேறொருவர் கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொன்ன நம் முன்னோர், கட்டிய வீட்டை உடைத்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம். ஆனாலும் உடைக்கத்தான் போகிறீர்கள். போகும்போது, வீட்டிலேயே வயதானவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் பீங்கானின் மூடியை மூடி, அதன் மேல் அவரை உட்காரச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுகின்றனவா, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், பணம் நம்முடையது.

வேலை நடக்கும்போது, தரையைச் சிமெண்டு போட்டு மூடுவதற்கு முன்னால், அளவு நாடாவைக் குழாய்களின் பக்கத்தில் விரித்து வைத்து, கைத்தொலைபேசியில் நாலைந்து படம் எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, கழிவுக் குழாய் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்பது அதில் தெரிய வேண்டும். மிஞ்சிய ஓடுகளில் ஓர் ஐந்தாறை எடுத்துக் கட்டிலுக்கடியில் போட்டு வையுங்கள். அந்த நிறம் அடுத்த ஆண்டு கடையில் கிடைக்காது.